தூக்காத கை

அகதிக் குடும்பம் ஒன்றைச் சபை பொறுப்பேற்று வரவழைக்கலாமா என்று போதகர் கேட்டபோது, ஆலயத்தில் எழுபத்து மூன்று கைகள் உயர்ந்தன. உயராத கை ஒன்றே ஒன்று. அது குழாய் ரிப்பேர்க்காரருடையது.

சபையில் அவருக்கு 'ஆட்சேபணை' என்றுதான் பெயர். புது மைக் வாங்கலாமா என்றால் ஆட்சேபணை. சுவருக்கு வெள்ளையடிக்கலாமா என்றால் ஆட்சேபணை. அன்றும் எழுந்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு யாரு போறது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"அண்ணே, அவங்க வரவே இன்னும் நாலு மாசம் இருக்கு. பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடியே பேர் வைக்கச் சொல்றீங்களே!" என்றாள் ஞாயிறு பள்ளி டீச்சர்.

அவர் கடைசிவரை கையைத் தூக்கவில்லை. இவ்வளவு கல்மனசா இந்த மனுஷனுக்கு என்று டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது.

நாலு மாதத்தில் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வரவேற்புக் குழுச் செயலாளர் என்று பதவியைக் கொடுத்தார்களே தவிர, குழுவைக் கொடுக்கவில்லை. வீடு பார்த்தது அவள். விண்ணப்பம் எழுதியது அவள். சபையார் அன்போடு அனுப்பிய நாற்காலிகளில் நாலு காலும் உள்ளவற்றைப் பொறுக்கி எடுத்ததும் அவள்தான்.

சனிக்கிழமை. ஐந்து மணி பஸ்ஸில் குடும்பம் வருகிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மணி மூன்றாகியும் மூன்றாவது மாடி வீட்டுக்கு மெத்தை ஏறவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது.

ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலின் நகலைப் பிரித்து வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். 'மெத்தை ஏற்ற' என்பதற்கு எதிரே ஒரு பெயர்கூட இல்லை. 'பஸ் ஸ்டாண்டில் வரவேற்க' என்பதற்கு எதிரே ஒன்பது பேர். அங்கேதானே போட்டோ எடுப்பார்கள்!

சரி, அந்த ஒன்பதில் ஒருவராவது உதவிக்கு வரமாட்டாரா என்று போன் போட்டாள்.

"ஐயோ டீச்சர், மழை வந்தாலே எனக்கு மூட்டு வலி. நான் ஸ்டாண்டுக்கே போகல. அதான் ஒன்பது பேர் இருக்காங்களே!" என்றார் பாடகர் குழுத் தலைவர்.

"மச்சினர் வந்துட்டாரும்மா. மத்தவங்க போவாங்கல்ல?" என்றார் பொருளாளர்.

மருந்துக் கடைக்காரர் மனைவி, "நான் வரலைன்னா என்ன? அவங்களுக்காக ஜெபம் பண்ணிட்டேதான் இருக்கேன்" என்றாள்.

ஒன்பதாவது போனை வைத்ததும் டீச்சருக்குப் புரிந்தது. மற்றவர்கள் போவார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியதில், ஒருத்தருமே போவதாக இல்லை! மொழி தெரியாத ஊரில் பிள்ளைகளோடு இறங்கி அவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? தான் போகலாமென்றால் வீட்டில் படுக்க மெத்தை இல்லை. மெத்தையை ஏற்றலாமென்றால் ஆள் இல்லை. அழவேண்டும் போலிருந்தது. அதற்கும் தெம்பில்லை.

வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. ஆட்சேபணை இறங்கினார்.

"மழையில மெத்தையை இப்படியா வாசல்ல போட்டு வைப்பாங்க?"

"வம்பு பண்ண இதுதான் நேரமா அண்ணே?"

"ஸ்டாண்டுக்குப் போக ஒன்பது பேர் எழுதியிருக்கறதைப் பார்த்தேன். அப்பவே தெரிஞ்சுது, ஒருத்தரும் போகமாட்டாங்கன்னு. அந்தப் பக்கம் பிடிங்க. பார்த்துட்டே இருந்தா அதுவா ஏறாது."

ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆட்சேபணை சொன்னார். படி குறுகல். மெத்தை கனம். கட்டடம் கட்டினவனுக்குக் கண் இல்லை. ஆனாலும் இரண்டு நடையில் இரண்டு மெத்தையும் ஏறிவிட்டன. ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை யாரும் கேட்காமலே மாற்றினார்.

நாலு மணிக்கு ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். "கிளம்புங்க ஸ்டாண்டுக்கு."

"பஸ் அஞ்சு மணிக்குத்தானே? ஒரு கட்டில் இன்னும் பூட்டாம கிடக்கு. அதை முடிச்சுட்டுப் போனாலே நேரம் சரியா இருக்கும்."

"கட்டில் காத்திருக்கும். கிளம்புங்கன்னா கிளம்புங்க!"

அவர் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டதில்லை.

நாலு இருபதுக்கே ஸ்டாண்டில் இருந்தார்கள். பெஞ்சு காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. உள்ளே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் படியருகேயும் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு செய்யற நீங்க, அன்னிக்கு ஏன் அண்ணே கை தூக்கல?"

"ஸ்டாண்டுக்கு யாரு போறதுன்னு கேட்டேன். பதில் சொல்லியிருந்தா தூக்கியிருப்பேன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க."

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது.

அவர் பஸ் வரும் வழியைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு அப்போ எட்டு வயசு. வேற ஊரு, வேற சபை. எங்க குடும்பத்தை வரவழைக்க நூறு பேருக்கு மேல கை தூக்கினாங்களாம். பஸ்ஸை விட்டு இறங்கி மூணு மணி நேரம் நின்னோம். தப்பான ஊர்ல இறங்கிட்டோம்னு எங்கம்மா அழுதுட்டே இருந்தாங்க."

"அடக் கடவுளே! யாருமே வரலையா?"

ஐந்து மணி பஸ் திரும்பி உள்ளே வந்தது. ஆட்சேபணை நனைந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

"ஒருத்தர் வந்தாரு டீச்சர். அந்தச் சபையில கை தூக்காத ஒரே ஆளு."