தள்ளுபடிக்கான காரணம்

மரவீடு என்றதுமே இரண்டு காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்துவிட்டன. மூன்றாவது நிறுவனம் கேட்டாலே தலைசுற்றும் பிரீமியம் சொன்னது. நான்காவது அதில் பாதிக்கு ஒப்புக்கொண்டது.

கணவனுக்கு வாயெல்லாம் பல். தையல்கடை வைத்திருந்த மனைவிக்குத்தான் எங்கோ இடித்தது. "சும்மா யாருங்க குறைப்பாங்க?" என்று பாலிசியை வரி விடாமல் படித்தாள். ஏழாம் பக்கத்தில் தள்ளுபடிக்கான காரணம் இருந்தது: 'பகல் முழுவதும் வீட்டில் ஆள் இருப்பதால்.'

இருவரும் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள்.

"விடு, அவங்க தப்பு நமக்கு லாபம்" என்றான் கணவன்.

நாளைக்கே தீப்பிடித்தால் இந்த ஒரு பொய்யைக் காட்டிக் கைகழுவிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே காப்பீட்டு ஆபீசுக்குப் போனாள்.

"பகல்ல எங்க வீட்ல யாருமே இருக்கமாட்டோம் சார். அந்த வரியை அடிச்சிடுங்க."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "பகல் நேரத்துல மூணு தடவை ஃபோன் பண்ணிப் பார்த்திருக்கோம்மா. மூணு தடவையும் எடுத்திருக்காங்களே."

"எந்த நம்பருக்கு?"

படித்துக் காட்டினார். அவள் வீட்டு நம்பர்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவரே அந்த எண்ணை அழுத்தினார். மறுமுனையில் உடனே எடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னார், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், ரிசீவரை வைத்தார்.

"அந்த வரியை அடிக்க வேண்டாம்னு சொல்றாங்கம்மா. அவங்க எங்கயும் போறதா இல்லையாம்."

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கணவனின் ஆபீஸ் வாசலில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள்.