ஒரு கனைப்பும் விடாமல்

காலை வெயில் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிச் சுவர்களில் வழிகிறது. ஆஞ்சலாவின் ஹெட்போனுக்குள் அமெரிக்க அதிபர் பதவிக்குக் கட்சி சீட் கேட்கும் ஒருவர் பத்திரிகைப் பேட்டியில் முழங்குகிறார். "பெங்களூருக்குப் போன வேலையை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வருவேன்" என்கிறார். அந்தப் பேட்டியைத் தட்டச்சு செய்யும் வேலையும் அப்படி இங்கே வந்ததுதான். திக்கலையும் கனைப்பையும் துடைத்து, பேச்சை வழவழப்பாக்கி அனுப்புவது ஆபீஸ் வழக்கம்; அனுப்பியதை அங்குள்ள பத்திரிகை அப்படியே அச்சடிக்கும். பக்கத்து சீட் ரகுராம் எட்டிப் பார்க்கிறான். "ஆளு எப்படி, ஜெயிப்பாரா?" "நான் தொடைச்சு விட்டா ஜெயிப்பாரு." "கொள்கை?" "இரு, இப்பதான் கேக்கறாங்க." வேலைகளை எப்படி மீட்பீர்கள் என்கிறார் நிருபர். வேட்பாளர் கனைக்கிறார். ம்ம் என்று இழுக்கிறார். தண்ணீர் குடிக்கிறார். மறுபடி கனைத்துவிட்டு, நல்ல கேள்வி என்கிறார். பதில் அவ்வளவுதான். ஆஞ்சலாவின் விரல்கள் பூத்தொடுக்கும் நிதானத்தோடு எல்லாவற்றையும் எழுத்தாக்குகின்றன. தண்ணீர் விழுங்கிய சத்தத்துக்குத் தனி வரி. "ஏய், சுத்தம் பண்ணலையா? டீம் லீடர் கடிச்சுக் குதறுவாரு." "என் வேலையப் பிடுங்கறவருக்கு நான் எதுக்குப்பா முகம் கழுவி விடணும்?" அவள் அனுப்பும் பொத்தானை அழுத்துகிறாள். வல்லரசின் பொருளாதாரக் கொள்கை இரண்டு கனைப்பும் ஒரு மடக்குத் தண்ணீருமாகக் கடல் தாண்டிப் போகிறது.