கால் எட்டாத சைக்கிள்

ஆறரை அடித் திருமேனி எந்தச் சைக்கிளில் ஏறினாலும் கால் தரையில் இழுபடும், முழங்கால் தாடையை இடிக்கும். நண்பர்களோடு தனுஷ்கோடி வரை மிதிக்கும் ஆசை, அவன் உயரத்துக்குக் கனமில்லாத பிரேம் கிடைக்காமல் தள்ளிக்கொண்டே போனது. வாசல் என்றாலே குனிந்து பழகியவன், கடைசிக் கடைக்குள்ளும் குனிந்தே போனான், குனிந்தே திரும்பினான்.

“வே, ஒமக்கு ஒட்டகந்தான் தோது” என்றார் கடைக்காரர் சேவியர்.

பதில் சொல்ல வாசலிலேயே வெடுக்கென்று நிமிர்ந்தான். விளம்பரத்துக்காக மேலே தொங்கவிட்டிருந்த ராட்சத சைக்கிள் பிரேம் ணங்கென்று மண்டையில் இடித்தது. ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தான். குடையின் கனம்கூட இல்லை.

“அது போர்டுவே! மனுசன் ஓட்டுததுக்கு இல்ல!”

அடம்பிடித்துச் சக்கரம் மாட்டவைத்து ஏறி உட்கார்ந்த திருமேனி, சுவரைப் பிடித்தபடி ஆனந்தத்தில் கண்கலங்கக் கூவினான்: “அண்ணாச்சி, எனக்குக் கால் எட்டல!”