துக்கக்காரியின் தட்டு

"வியாழக்கிழமைதான் பிள்ளையைப் புதைச்சா. ஞாயித்துக்கிழமை கோழி வறுவல் கேக்குதா இவளுக்கு?"

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சர்ச் முடிந்ததும் மாக்சின், ஓபல் என்ற இரு தோழிகளோடு நேராக இந்த ஓட்டலுக்கு வருவது அவள் வழக்கம். அமெரிக்காவின் மேக்கன் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் வயிறு முந்திக்கொண்டு ஆமென் சொல்லிவிடும்.

ஜன்னலோரம் கோரா தனியாக உட்கார்ந்திருந்தாள். தட்டில் கோழி வறுவல், வெண்ணெய் உருகும் சோளக் கஞ்சி. பக்கத்தில் தக்காளிச் சாற்றில் வோட்கா கலந்த உயர டம்ளர்.

"குடிக்கவும் செய்யறாளே!" என்றாள் மாக்சின், தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு.

இவர்கள் மூவர் டம்ளரிலும் இருந்தது ஷாம்பெய்ன். ஆனால் ஆரஞ்சு ஜூஸ் கலந்திருந்ததால் அது குடியில் சேராது. அது வெர்னாவின் தீர்ப்பு.

ஓபல் குரலைத் தாழ்த்தினாள். "போதை ஊசி போட்டுல்ல செத்தான்? தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை."

"இருங்கடி, நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்." தொப்பி இறகு ஆட வெர்னா எழுந்து போனாள்.

கோரா நிமிர்ந்து பார்த்தாள். முகம் வீங்கியிருந்தது.

"வா வெர்னா, உக்காரு."

"உக்கார வரல. உனக்கே இது நல்லா இருக்கா? துக்கக்காரி வீட்டோட இருக்க வேணாமா? என் வீட்டுக்காரர் போனப்ப ஒரு மாசம் வாசப்படி தாண்டல நான்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணினே?"

"நல்லா கேட்டே போ! ஊரே கொண்டு வந்து குவிச்சுச்சே. பன்னிக்கறி, மக்ரோனி, பீச் பழக் கேக்... அடுப்பையே பத்த வைக்கல. இது நம்ம ஊரு வழக்கம்தானே? உன் வீட்டுலயும் வந்து நிறைஞ்சிருக்கும். அதையெல்லாம் வீணாப் போட்டுட்டு, இங்க வந்து..."

"யாரு கொண்டு வந்தாங்க?" கோரா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"யாரா? நம்ம சர்ச் பொம்பளைங்கதான். இதோ, மாக்சினே வந்திருப்பாளே!"

வெர்னா திரும்பிப் பார்த்தாள். அடுத்த மேசைதான், எல்லாம் அவர்கள் காதில் விழுந்திருந்தது.

"எனக்கு அன்னைக்குப் பார்த்து முழங்கால் வலி..." என்று இழுத்தாள் மாக்சின்.

"நீங்க ரெண்டு பேரும் போயிருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றாள் ஓபல், தட்டைப் பார்த்தபடி.

வெர்னாவும் போகவில்லை. அந்த மாதிரிச் சாவு விழுந்த வீட்டு வாசலில் தன் கார் நின்றால் ஊர் என்ன பேசும்? இத்தனை பேர் போகிற இடத்தில் ஒருத்தி போகாதது தெரியவா போகிறது என்று இருந்துவிட்டாள். எல்லோரும் அதையே நினைத்திருக்கிறார்கள்.

"இது நான் கேட்டு வாங்கினதில்ல," என்றாள் கோரா. "என் பையன் இங்க பார்லதானே வேலை பார்த்தான்? கூட இருந்த பசங்க காலையில வீட்டுக்கு வந்தாங்க. என்னைப் பார்த்துட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. இந்த டம்ளர்கூட அவன் கலக்குற பக்குவத்துல கலந்ததாம். குடிக்க மனசு வரல, சும்மா பார்த்துட்டு இருக்கேன்."

ஆனாலும் வெர்னாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"அதுக்காக... வீட்டுல இருந்ததை எடுத்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாமே கோரா?"

"வீட்டுல எதுவும் இல்ல வெர்னா. புதைச்சுட்டு வந்த உடனே ஃப்ரிட்ஜ்ல இருந்த எல்லாத்தையும் அள்ளி வெளிய போட்டுட்டேன். நீங்கல்லாம் கொண்டு வர்றதை வைக்க இடம் வேணுமேன்னு."