பத்துக்கு ஒன்று

“நான் காலையில என்ன குடிப்பேன்?”

“காபி.”

“டீ. என் பிறந்தநாள்?”

“ஜூலை… இல்ல, ஜூன்.”

“விளங்கிடும். போலிக் கல்யாணம்னு சந்தேகம் வந்தாலே என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க. ஒழுங்கா மனப்பாடம் பண்ணுங்க.”

குடியேற்ற அலுவலகத்தின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல, அந்த நாட்டில் வேலை பார்க்கும் வெல்டர் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். உள்ளே கூப்பிடுவதற்குள் வியர்வையில் எல்லாம் அழிந்துபோனது.

முதலில் அவளைத் தனியாகக் கேட்டார்கள், அப்புறம் அவரை. பத்துக் கேள்வியில் ஒன்பதுக்கு இருவர் பதிலும் பொருந்தவில்லை.

அதிகாரி இருவரையும் எதிரே உட்காரவைத்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அம்மா, உங்களுக்கு விசா கொடுத்தாச்சு. போலி ஜோடின்னா ஒரு பதில்கூடத் தப்பா வராதாம். ஒருத்தர் மனைவியைப் பத்தி இவ்வளவு தெரியாம இருந்தா, அவர் நிஜமான புருஷனாத்தான் இருக்கணுமாம்.”

வெல்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பார்த்தியா, என்னாலதான் கிடைச்சுது.”

“ஆமா,” என்றாள் அவள். “இருபத்தாறு வருஷமா இதுக்குத்தான் தயார் பண்ணிக்கிட்டு இருந்தீங்களாக்கும். நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்.”