நிறம் போன கரைசல்

சோதனைக்கு வந்த டப்பாவிலிருந்து ஊதா மருந்துத் தூளில் ஒரு சிட்டிகையைக் கரைத்து, சாராயம் விட்டு நிறம் போகக் காய்ச்சி வடிகட்டினார்கள். கண்ணாடிக் குழாயில் வெறும் தண்ணீர்போல நின்ற கரைசல் மேலே நீண்ட சொட்டுக்குழாயைப் பார்த்தது.

"எனக்குள் கொஞ்சம் சல்பேட் அழுக்கு இருக்கிறது, அண்ணே. அதைக் காட்டிக்கொடுக்கும் பேரியச் சொட்டு விழுந்தால் வெள்ளையாகக் கலங்கிவிடுவேன். டப்பாவையே கழித்துவிடுவார்கள்," என்றது பக்கத்து அளவுக் குழாயிடம்.

"எனக்குள்ளும் இருக்கிறது. இவ்வளவு வரை இருக்கலாம் என்று காட்டத்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொள், தம்பி."

இரண்டு குழாயிலும் சொட்டு விழுந்தது. இரண்டும் கலங்கின. மேலிருந்து ஒரு கண் மாறி மாறிப் பார்த்தது. கரைசலின் கலங்கல் ஓர் இழை குறைவு.

டப்பா தப்பியது. கரைசலைத் தொட்டியில் கொட்டும்போது, டப்பாவில் மீந்திருந்த தூள் பக்கத்து ஜாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "எங்கள் குடும்பத்தில் சல்பேட் என்ற பேச்சே கிடையாது."