சுண்டெலியின் மூன்றாவது சீட்டு

யாரோ வயலில் தவறவிட்ட கைபேசியில் சுண்டெலி சாக்கோங் ஆடிக்கொண்டிருந்தது. இந்தோனேசியாக்காரர்களின் மூன்று சீட்டு ஆட்டம் அது. மூன்றையும் கூட்டினால் கடைசி இலக்கமாக ஒன்பது நிற்க வேண்டும். சேர்த்த கடலையெல்லாம் போயாச்சு. இப்போது குடியிருக்கும் வளையே பணயம்.

"எதிரே ஆடுறது யாருன்னாவது தெரியுமாடா?" என்றது மூஞ்சூறு அக்கா.

"ஜகார்த்தா ராஜாவாம்! அவன் கடல் தாண்டி வந்தா என் வளையைப் பிடுங்கப் போறான்? மூணாவது சீட்டை மீசையால மெல்லத் திறக்கணும்க்கா. அவசரப்பட்டா ஒன்பது எட்டாயிடும்."

"விழுந்த சீட்டு விழுந்ததுதானேடா!"

சுண்டெலிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வால் தானாகத் துள்ளியது. மெல்ல, மெல்லத் திறந்தது. நின்றது பூஜ்யம்.

புதரை விலக்கிக்கொண்டு சாரைப்பாம்பு வந்தது. "ஜகார்த்தா ராஜா நான்தான். வளையைக் காட்டுறீங்களா?"

தலைதெறிக்க ஓடியபடியே சுண்டெலி கத்தியது: "அக்கா, உன் வளையைக் கொடேன்! ஒரே ஒரு ஆட்டம்!"